வெளியே நின்ற கொம்யூன் அக்கா

மதுரா அழைத்த நேரம் நான் மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதியில் வேலையில் நின்றேன். மருந்துக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கும் இடம். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்து பார்த்தபோது அவளுடைய அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. வேலை நேரத்தில் அழைக்கிற பிள்ளை அல்ல அவள். திருப்பி அழைப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

“மாமா, அம்மா விடியப்பறம் போயிட்டா. நித்திரையில.”

என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் நம்மவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியையே நானும் கேட்டேன். “ஊருக்கு அறிவிச்சாச்சோ?”

“ஓம் மாமா. கொம்யூனுக்குத்தான் முதல் அடிச்சனான். அம்மா அப்பிடித்தான் சொல்லி வைச்சவ. அங்க கோயில் மணி அடிச்சவையாம்.”

நான் கேட்டது யாழ்ப்பாணத்தை. அவள் சொன்னது சுவிற்சர்லாந்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் ஊரை. செத்தவீட்டிலும் பலர் என்னிடம் இதையே விசாரித்தார்கள்: எந்த மணி, எந்தக் கோயில், சைவ மனுசிக்கு ஏன் அங்கே மணி அடித்தார்கள்? சவம் எடுக்கிற நேரத்தில் அதற்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மதுரா கேட்டபோது, அவர்களுக்காக எழுதலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற மனுசி அல்ல என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மதுராவின் அம்மா சறோஜினி நடராஜா என்றால் மொன்றியலில் நம்மவர்கள் வாழும் பியர்பொன்ட்ஸில் அரைவாசிப் பேருக்கு ஆளைத் தெரியாது. கொம்யூன் அக்கா என்றால் தெரியும். கொம்யூன் என்பது அந்த நாட்டில் ஊருக்கும் அதன் நிர்வாகத்துக்கும் சேர்த்து ஒரு சொல். மிகச் சின்ன ஊருக்கும் தனி நிர்வாகம் உண்டு. பாதை, தண்ணீர், பள்ளிக்கூடம், காடு எல்லாவற்றையும் ஊரவர்கள் கூடிக் கை உயர்த்தித்தான் தீர்மானிப்பார்கள். “எங்கட கொம்யூனில” என்று தொடங்காமல் அக்காவால் நாலு வசனம் கதைக்க முடியாது. கேலியாக வைத்த பெயர் கடைசியில் மரியாதைப் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த ஊருக்கு நான் போனது அகதி முகாமிலிருந்து, மரம் அரியும் மரக்காலை வேலைக்கு. ஊரில் ஒரு தேவாலயம், ஒரு பால் நிலையம், ஒரு மரக்காலை, ஒரு பள்ளிக்கூடம், ஓர் உணவகம். எல்லாமே ஒவ்வொன்றுதான். ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தாலும் மாலையில் அதே உணவகத்தில்தான் குந்த வேண்டும். நம் மொன்றியலில் யாழ்ப்பாணத்து ஓர் ஊருக்கே இரண்டு சங்கம் இருப்பதைப் பின்னாளில் அக்கா கண்டபோது, “இடம் கூடிப்போச்சு தம்பி, அதுதான் பிரச்சினை,” என்றார்.

பால் நிலையத்துக்கு மேலே இருந்த வீட்டில் அக்காவும் நடராஜா அண்ணையும் கைக்குழந்தை மதுராவும் குடியிருந்தார்கள். மிச்சமிருந்த ஓர் அறையில் நான். ஊரிலிருந்த தமிழர் அவ்வளவுதான். விடியலில் விவசாயிகள் பால் கொண்டுவரும் சத்தம்தான் எங்கள் மணிக்கூடு. அண்ணையும் நானும் மரக்காலைக்குப் போவோம். அக்கா எதிரே இருந்த உணவகத்தின் குசினிக்குச் சமைக்கப் போவார். வருடக்கணக்காக இப்படித்தான் போனது. நாங்கள் மூன்று பேரும் ஊரில் இருந்தோம், ஊரவராக இருக்கவில்லை.

பிறகு சட்டம் மாறியது. நெடுங்காலம் குடியிருக்கும் வெளிநாட்டவரும் கொம்யூன் கூட்டத்தில் கை உயர்த்தலாம் என்று வந்தது. அக்காவுக்கும் அண்ணைக்கும் அந்த உரிமை கிடைத்தது. எனக்குக் காலம் போதாது, பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். முதல் கூட்டத்துக்கு அக்கா கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேலே குளிர் அங்கி போட்டு வந்தார். மரக்காலைக்குப் போகும் பாதைக்குத் தார் போடுவதா வேண்டாமா என்பது விடயம். போடவேண்டும் என்று ஊர்த் தலைவர் ரெனே சொன்னார். வேண்டாம் என்று பால் நிலையக்காரர் சொன்னார். கைகளை எண்ணினார்கள். ஆமென்ற கைகளையும் இல்லையென்ற கைகளையும் கூட்டினால் மண்டபத்தில் இருந்த தலைகளை விட ஒன்று கூடியிருந்தது.

திரும்ப எண்ணினார்கள். திரும்பவும் கூடியது. ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியபோது நடராஜா அண்ணை மெல்லக் குனிந்து கேட்டார். “சறோ, நீர் ரெண்டு தரமும் தூக்கினீரோ?”

“பின்ன? ரெனே எங்களுக்கு வீடு தந்த மனிசன். மற்றவர் பிள்ளைக்குப் பால் தாற மனிசன். ஆரின்ரை மனசை நோகப்பண்ணுறது?”

அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார். விடயத்தை ரெனேயிடம் சொன்னதும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. யாரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கு அப்படிப் படவில்லை. அடுத்த நாள் குசினியிலிருந்து வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சொன்னார். “மரியாதைக்குத் தூக்கின கையால ஒரு பாதையும் போடேலாது தம்பி.” அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. தண்ணீர்க் குழாய், காட்டு மரம், குப்பை வண்டி, எது வந்தாலும் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்டு போவார். வெட்டொன்று துண்டு இரண்டாகப் பேசுவார். அவருடைய பிரெஞ்சு பிழைகள் நிறைந்தது. அதைத் திருத்தப் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இனி உணவகத்தின் கதை. இது இல்லாமல் அக்காவின் கதை இல்லை.

உணவகத்தின் முதலாளி வயதாகி ஓய்வெடுக்க நினைத்தார். கட்டடத்தைக் கொம்யூனே வாங்கி நடத்த வேண்டும் என்பது ரெனேயின் யோசனை. வாங்காவிட்டால் ஒரு கட்டடக்காரர் வாங்கி உள்ளே இடித்து வீடுகளாக்கத் தயாராக இருந்தார். அந்தக் கூட்டத்துக்கு ஊரே வந்தது. இளையவர்கள் கீழேயுள்ள நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து, அடுத்த வருடம் பூட்டிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. நிலைமை இப்படி இருக்கையில் பால் நிலையக்காரர் எழுந்து, “எங்களுக்கு வேண்டியது வீடுகள். சீட்டாடும் மேசை அல்ல,” என்றார். உணவகத்தில் இரவில் சீட்டாடும் கிழவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மண்டபம் கொதித்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விடயத்தில் யாருக்காவது சொந்த நன்மை இருந்தால், அதைப் பேசித் தீர்மானிக்கும்போது அவர் மண்டபத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். முதலாளி எழுந்து போனார். அவருக்குப் பின்னால் அக்காவும் எழுந்தார்.

ரெனே அவரைத் தடுத்தார். சமையல்காரி போகத் தேவையில்லை, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் போனால் போதும் என்றார். அவருக்கு அக்காவின் கை வேண்டியிருந்தது. அந்த வாக்கு மயிரிழையில் நிற்கிறதென்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கு அந்தக் குசினியை விட்டால் வேறு வேலை இல்லை. இருந்தும் கதவடியில் நின்று பதில் சொன்னார். பிறகு எங்களுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபடியே இங்கே எழுதுகிறேன்: “நான் உள்ளுக்க இருந்தால் என்ரை முகத்துக்கு முன்னால வேண்டாமெண்டு கை தூக்க ஆக்கள் வெக்கப்படுவினம். அப்பிடி வெக்கத்தில தூக்காத கை எனக்கு வேண்டாம்.”

இரண்டு பக்கமும் கை தூக்கிய அதே மனுசிதான் இதைச் சொன்னது என்பதை நினைத்துப் பாருங்கள். தன் பிழையிலிருந்து அவர் கற்றது கை தூக்குவதை மட்டுமல்ல. மற்றவர்களும் தன்னைப் போலவே முகத்துக்கு அஞ்சுவார்கள் என்பதையும் கற்றிருந்தார்.

பெண்சாதிக்குச் சம்பளம் வரும் இடம் என்பதால் நடராஜா அண்ணையும் வெளியே வந்தார். அவர்கள் இருவரையும் தனியே விட மனமில்லாமல் நானும் வந்தேன். ஊரிலிருந்த தமிழர் மொத்தமும் பனிக்குள் நின்றோம். உள்ளே யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அண்ணை கைகளைத் தேய்த்தபடி, “உமக்கு விசர். எங்கட சோத்தில நீரே மண்ணைப் போடுறீர்,” என்றார். அக்கா பாதைக்கு அப்பால் உணவகத்தைப் பார்த்தார். “சூப்புக்கு உப்புப் போட்டனானோ தெரியேல்லை,” என்றார். கூட்டம் முடிந்தால் எல்லோருக்கும் சூப் கொடுப்பது உணவகத்தின் வழக்கம். பெரிய பானையில் லீக்ஸ் சூப் எதிரே குசினியில் சூடாகிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. ரெனேயின் முகத்தைப் பார்த்ததுமே அவருடைய யோசனை தோற்றுவிட்டதென்று முதலாளிக்கும் எனக்கும் விளங்கியது. அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதையைக் கடந்து நேரே குசினிக்குப் போய், பானையை அண்ணையும் நானும் தூக்கிவரச் செய்து, தானே அகப்பையை எடுத்து ஊற்றத் தொடங்கினார். முதல் கிண்ணம் பால் நிலையக்காரருக்கு. அந்த மனிதர் வாங்கக் கூசினார். “நீங்கள் சொன்னது பிழை. ஆனால் சூப் சரியாத்தான் இருக்கு, குடியுங்கோ,” என்றார் அக்கா. எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகுதான் எத்தனை கை வித்தியாசம் என்று ரெனேயிடம் கேட்டார். அக்காவும் அண்ணையும் உள்ளே இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று ரெனே சொன்னார். அக்கா அகப்பையைத் துடைத்து வைத்தார்.

வேலை போனது. விடியப்பறம் மஞ்சள் பஸ்ஸில் கீழே நகரத்துக்குப் போய் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். உணவகம் இடிபட்டு வீடுகள் எழுந்தன. நகரத்தில் வேலை செய்யும் இளம் குடும்பங்கள் வந்தன, பின்னால் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டவில்லை. பிள்ளைகள் கூடி மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது கொம்யூன் அக்காவைத்தான் கூப்பிட்டது. அன்று தோற்றதால்தான் அந்தப் பள்ளிக்கூடம் பிழைத்தது என்று அவர் ஒளிக்காமல் சொல்வார். “அந்தப் பால்காரன் சொன்னது சரிதான் தம்பி. நான் உள்ளுக்க இருந்திருந்தால் ஊரைக் கெடுத்திருப்பன்.”

ஆனால் கதையை அதோடு முடிக்க விடமாட்டார். பள்ளிக்கூடம் தப்பியது உண்மை. சீட்டாடிய கிழவர்கள் அதற்குப் பிறகு ஓரிடத்தில் கூடவில்லை என்பதும் உண்மை. புதிதாக வந்தவர்கள் காரில் போய்க் காரில் வந்தார்கள். கிழவர்கள் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் அடங்கினார்கள். “ஊரெண்டால் ஒரு மேசை இருக்கவேணும்,” என்பார். அந்த மேசை போன கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அதற்குப் பிறகு நான் கலியாணம் செய்து மொன்றியலுக்கு வந்தேன். சில வருடங்களில் மதுரா இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கினாள். நடராஜா அண்ணை தவறிய பின் அக்காவும் வந்தார். பியர்பொன்ட்ஸில் மகளின் வீடு. வந்த புதிதில் அவர் கண்டதை நீங்கள் அறிவீர்கள், உங்கள் வீடுகளில்தான் கண்டார். பிள்ளைகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்கு, பெற்றோர் பெரிய வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால். பக்கத்துத் தீவான இல்-பிசாரில் இருப்பவர்களின் பாடு அதைவிட மோசம், பஸ்ஸே அருமை. “எங்கட கிழவர்மாரைப் போலத்தான் இவையும். வித்தியாசம், இவைக்குப் பனி பழக்கமில்லை,” என்றார். நம் சங்கம் வாடகைக்கு வைத்திருந்த தேவாலயத்து நிலக்கீழ் மண்டபத்தில் புதன்கிழமை மதியச் சாப்பாடு இப்படித்தான் தொடங்கியது. சோறு, பருப்பு, ஒரு கறி, ஒரு வறை, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நீள மேசை. தனித்தனி மேசை போடலாம் என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

அதற்கு முன் நடந்த ஒரு கூட்டத்தையும் நான் சொல்ல வேண்டும். அக்கா சங்கத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். விழாவுக்கு வாகனம் பிடிக்கும் விடயம் வந்தது. வாகனக்காரர் நம் பொருளாளர் குலம் அண்ணையின் மச்சான். அக்கா எழுந்து, “குலம், நீங்களும் மச்சானும் இப்ப வெளியில போகவேணும். பேந்து கூப்பிடுவம்,” என்றார். மண்டபம் திகைத்தது. குலம் அண்ணைக்கு முகம் சிவந்தது.

“என்ன அக்கா, நாங்கள் என்ன கள்ளரோ?”

“கள்ளரெண்டால் வெளியில விடமாட்டம். உள்ளுக்க வைச்சுப் பூட்டுவம். போங்கோ.”

சிரிப்பு எழுந்தது, குலம் அண்ணை போகவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டமே குழம்பிப்போனது. உள்ளதைச் சொன்னால் எரிச்சல்தான். சங்கம் மூன்றாக உடையப் போகிறது என்று நானும் நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் சனிக்கிழமை நடன வகுப்பு எடுக்க மதுராவின் பெயரை யாரோ முன்மொழிந்தார்கள். எதிர்ப்பே இல்லை. அக்கா எழுந்து வெளியே போனார். பெப்ரவரி மாதம், குளிர் அங்கி உள்ளே கொழுவியிருந்தது. குலம் அண்ணைதான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்டது.

“அக்கா, உள்ள வாங்கோ. உங்களைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்.”

“நினைக்கவேணும் எண்டுதான், குலம், வெளியில நிக்கிறன்.”

குலம் அண்ணை அங்கியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, தன் கதிரையில் இருந்தார். பிறகு அவரே வகுப்பு நேரத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அதுவரை நம் சங்கத்தில் யாரும் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. கைதட்டினோம், அல்லது உடைந்தோம். மதுராவுக்கு வகுப்புக் கிடைத்தது, நேரத்தை மாற்றி. அக்கா உள்ளே வந்ததும் தேநீர்க் குடுவையடிக்குப் போய் எல்லோருக்கும் ஊற்றினார். முடிவைக் கேட்டது பிறகுதான். அன்றிலிருந்து நம் சங்கத்தில் வெளியே போகிறவர்கள் போகிறார்கள், திரும்பி வந்து தேநீர் ஊற்றுகிறார்கள். சங்கம் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. இந்த நகரத்தில் அது சின்ன விடயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மணியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்த ஊரில் யாராவது இறந்தால் தேவாலய மணி அடிப்பார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்கு அடிப்பதில்லை. மதுரா செய்தி சொன்னதும், பாதிரியாரிடம் போய் அடிக்கச் சொன்னவர் பழைய பால் நிலையக்காரர். தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் மனிதர் ஊன்றுகோலோடு நடந்து போனாராம். சைவ மனுசிக்கு ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இதை மதுரா சொன்னபோதுதான் நான் முதன்முதலாக அழுதேன். அதுவரை வேலை இருந்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று எழுத வேண்டும். சமையல் எனக்கு வராது. அவருடைய துணிச்சலும் எனக்கு இல்லை. ஒன்றே ஒன்றுதான் என் கையில் இருக்கிறது, அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டியிருக்கிறது.

ஞாயிறு கூட்டத்தில் புதன்கிழமைச் சாப்பாட்டைத் தொடர்வதா, விடுவதா என்று தீர்மானிக்கப் போகிறோம். அக்கா இல்லாமல் நடத்த முடியாது, அந்த நாளைப் பிள்ளைகளின் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்பது குலம் அண்ணையின் கருத்து. கேட்க வேண்டிய கருத்துத்தான். தொடர்வதென்றால் சமையலுக்கு என் மனைவியின் பெயரை முன்மொழிந்திருக்கிறார்கள், சம்பளத்தோடு. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம் என்று கேள்வி. மூன்று பேர் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்: “இந்த ஒருக்கா உள்ளுக்க இருங்கோ. அக்காவின்ரை மேசையல்லோ.”

அக்காவின் மேசைதான். புதன்கிழமைகளில் அங்கே வருகிறவர்களின் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மேசை போனால் அவர்கள் எந்த வீட்டில் எந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்பதும் தெரியும். எனக்கு அது போகக்கூடாது. அதனால்தான் இப்படிக் கை உயர்த்துங்கள் என்று இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஒரு சொல்லும் கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த விடயம் வந்ததும் நானும் மனைவியும் எழுந்து போவோம். குளிர் அங்கியை மறக்கமாட்டேன், குலம் அண்ணை ஓடிவரத் தேவையில்லை. நீங்கள் உள்ளே இருந்து, என் முகம் இல்லாத இடத்தில், ஆறுதலாக யோசியுங்கள். முடிந்ததும் கதவைத் தட்டுங்கள். என்ன முடிவு என்று உடனே சொல்ல வேண்டாம். முதலில் தேநீர் ஊற்றுகிறேன்.